மீட்டரைக் கழற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

பழைய அம்பாசடரோ பத்மினியோ ஜீப்போ வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "மீட்டர் போயிட்டு, வேற போட்டுருங்க." பெட்ரோல் முள் அசையாமல் கிடக்கும். அல்லது வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஹீட் முள் சிவப்பைத் தொட்டுவிடும். லைட்டைப் போட்டால் சம்பந்தமில்லாத இடத்தில் ஒரு சின்ன விளக்கு மங்கலாக எரியும். இதையெல்லாம் பார்த்ததும் மீட்டரை மாற்றியே தீர வேண்டும் என்ற முடிவோடு வந்துவிடுகிறார்கள்.

பாளையங்கோட்டையில் கார் எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் நான் உறுதியாகச் சொல்வேன், பழைய வண்டிகளில் மீட்டர் தானாகக் கெடுவது குறைவு. அதற்கு வரும் லைன், கரண்ட் வண்டியின் பாடி வழியாகத் திரும்பிப் போகும் எர்த், மறுமுனையில் டேங்கிலோ இன்ஜினிலோ இருந்து அளவைச் சொல்லும் யூனிட் ஆகியவற்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் வயலைத் தோண்டுவதில்லை, மடையையும் வாய்க்காலையும்தான் பார்ப்போம். இங்கேயும் அதே முறைதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கழற்றிப் போட்ட மீட்டர் திரும்பக் கிடைப்பதில்லை. மேற்கு வங்கத்து உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. பத்மினி அதற்கும் வெகு முன்னால் நின்றது. நல்ல மீட்டரைக் கழற்றி இரும்புக் கடையில் போட்டுவிட்டு, டேஷ்போர்டில் ஓட்டை போட்டு மலிவான டிஜிட்டல் மீட்டரைத் திருகி வைத்திருக்கும் வண்டிகளைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய கஷ்டம், பழைய கோளாறு அப்படியே உள்ளே இருப்பது. எர்த் சரியில்லாத வண்டியில் புது மீட்டரும் தப்பாகத்தான் காட்டும்.

முதலில் உங்கள் வண்டியில் முள் எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் முள் சட்டென்று எழுந்து, பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது கூடவே ஆடினால் அது காயில் வைத்த பழைய வகை. மெதுவாக, அரை நிமிஷம் எடுத்துக்கொண்டு ஏறி ஆடாமல் நின்றால் அது பைமெட்டல் வகை. உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு பட்டை இருக்கும். அதைச் சுற்றிய மெல்லிய கம்பியில் கரண்ட் போகும்போது பட்டை சூடாகி வளையும், முள் நகரும். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த வண்டிகளில் 1960-களின் நடுப்பகுதியிலிருந்து இந்த வகை பரவலாக வந்தது.

பைமெட்டல் மீட்டருக்குக் கரண்ட் ஒரே சீராக வர வேண்டும். பேட்டரியோ இன்ஜின் நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும், ஓடும்போது 14 வரை போகும். அதனால் மீட்டருக்கு முன்னால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்று தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு தகர டப்பா வைத்திருப்பார்கள். அதற்குள்ளும் ஒரு பைமெட்டல் பட்டைதான். சூடானதும் கான்டாக்ட் பிரியும், ஆறியதும் சேரும். இப்படி விட்டுவிட்டுக் கொடுத்து, சராசரியாக 10 வோல்ட் கிடைக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளும். பெட்ரோல் மீட்டர், ஹீட் மீட்டர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்டெபிலைசர்தான். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பதால் அப்படி ஒன்று இருப்பதே பல உரிமையாளர்களுக்குத் தெரியாது. சில மெக்கானிக்குகளும் அதைத் தேடிப் பார்ப்பதில்லை.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி அம்பாசடர் கொண்டுவந்தார். அப்பா காலத்து வண்டி. முழுவதும் பெயின்ட் அடித்து, சீட் தைத்து, மகள் கல்யாணத்துக்காகத் தயார் செய்திருந்தார்.

"தம்பி, ரேடியேட்டர மாத்தியாச்சு, தெர்மோஸ்டாட்டயும் மாத்தியாச்சு. ஹீட் முள்ளு இறங்க மாட்டேங்கு."

"பெட்ரோல் எவ்வளவு இருக்கு அண்ணாச்சி?"

"கால் டேங்குகூட இருக்காது."

பெட்ரோல் முள் பாதியையும் தாண்டி நின்றது. ஹீட் முள்ளும் அதே மாதிரி இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே. இரண்டும் ஒன்றாகத் தப்பு காட்டினால் சந்தேகம் இரண்டுக்கும் பொதுவான பொருள் மேல்தான் விழ வேண்டும். பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிவிட்டுப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்டெபிலைசர் டப்பாவின் காது ஒரே ஒரு ஸ்க்ரூவில் தகரத்தோடு முறுக்கியிருந்தது. தகரத்தில் புது பெயின்ட், காதுக்கு அடியிலும் பெயின்ட், ஸ்க்ரூ ஓட்டையின் உள்விளிம்பில்கூட பெயின்ட். டப்பாவின் உடம்பு வழியாகத்தான் அதற்கு எர்த் போக வேண்டும், அந்த வழி அடைபட்டுவிட்டது. எர்த் இல்லாததால் உள்ளே பட்டை சூடாகவில்லை, கான்டாக்ட் பிரியவில்லை, பேட்டரி வோல்டேஜ் அப்படியே மீட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. காதுக்கு அடியில் உப்புத்தாள் வைத்து வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முறுக்கினோம். இரண்டு முள்ளும் சரியான இடத்துக்கு வந்தன. மாற்றிய ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் தேவையே இல்லாத செலவு.

பெயின்ட் அடித்து வந்த வண்டியில் மீட்டர் தகராறு செய்தால் முதலில் எர்த் ஸ்க்ரூக்களைத்தான் பார்க்க வேண்டும். பெயின்டரிடம் கொடுக்கும்போதே எர்த் வரும் இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லிவிடுங்கள்.

முள் எந்தப் பக்கம் தப்பு செய்கிறது என்பதும் நிறையச் சொல்லும். ஸ்டெபிலைசர் உள்ள வண்டியில் இரண்டு முள்ளும் கூட்டிக் காட்டினால் எர்த் இல்லை, அல்லது ஸ்டெபிலைசர் உள்ளே ஒட்டிக்கொண்டது. இரண்டும் குறைத்துக் காட்டினால் வரும் லைன் பலவீனம்: இக்னிஷன் சுவிட்ச், ஃபியூஸ் கிளிப், அல்லது எங்கோ ஒரு லூஸ் கான்டாக்ட். இரண்டும் எழவே இல்லை என்றால் ஃபியூஸ் போயிருக்கும், இல்லை ஸ்டெபிலைசர் திறந்தே நின்றுவிட்டது. ஒன்று மட்டும் தப்பு, மற்றது சரி என்றால் ஸ்டெபிலைசரைத் தொடாதீர்கள், அந்த ஒரு லைனை மட்டும் பாருங்கள்.

ஸ்டெபிலைசரைச் சோதிக்க டிஜிட்டல் மல்டிமீட்டர் அவ்வளவு உதவாது. எண்கள் தாவிக்கொண்டே இருக்கும், பார்ப்பவர் குழம்பிப் போவார். ஒரு சின்ன டெஸ்ட் லேம்பை வெளியே போகும் டெர்மினலில் வைத்தால் போதும். விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் அது வேலை செய்கிறது. அணையாமல் எரிந்தால் எர்த்தைப் பார்க்க வேண்டும். அந்த டப்பாவை எப்படி மாட்டியிருந்தார்களோ அதே நிலையில்தான் திரும்ப மாட்ட வேண்டும், தலைகீழாகவோ படுக்கையாகவோ மாட்டினால் கணக்கு மாறிவிடும்.

பழைய ஸ்டெபிலைசர் உண்மையிலேயே கெட்டுவிட்டால் 7810 என்ற 10 வோல்ட் ஐ.சி.யை அதே டப்பாவுக்குள் வைத்துக் கொடுக்கலாம். பலர் செய்கிறார்கள், நானும் செய்கிறேன். ஆனால் அந்த ஐ.சி.க்கு உள்ளே வரும் வோல்டேஜ் 12-க்கு மேல் இருந்தால்தான் ஒழுங்காக 10 கொடுக்கும். பேட்டரி இறங்கிய வண்டியில் இன்ஜினை ஓட்டாமல் பார்த்தால் முள் குறைத்துக் காட்டும், அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். 7810 நெகட்டிவ் எர்த் வண்டிக்கு மட்டும்தான். 1950-களின் சில பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ்தான் பாடியில் போயிருக்கும். பேட்டரியின் எந்தக் கேபிள் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்க்காமல் எதையும் இணைக்காதீர்கள்.

பெட்ரோல் முள் மட்டும் தகராறு செய்தால் டேங்க் யூனிட்டுக்குப் போகும் ஒயரைப் பார்க்க வேண்டும். டேங்குக்குள் மிதவையோடு ஒரு கை இருக்கும், அது ஒரு கம்பிச் சுருள் மேல் தேய்ந்து ஏறி இறங்கும். பைமெட்டல் வகையில் டேங்க் நிறைய இருக்கும்போது ரெசிஸ்டன்ஸ் குறைவு, காலியாக இருக்கும்போது அதிகம். ஆகவே அந்த ஒயர் அறுந்தால் முள் காலி காட்டும், ஒயர் பாடியில் உரசினால் முள் நிறைவைத் தாண்டிப் போகும். பழைய காயில் வகையில் இது பெரும்பாலும் தலைகீழ், ஒயர் அறுந்தால் முள் நிறைவுக்குப் போகும். உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

இந்தச் சோதனையைச் சிலர் டேங்க் பக்கத்தில் நின்றுகொண்டு, இக்னிஷனை ஆன் பண்ணி வைத்து, ஒயர் நுனியைப் பாடியில் தட்டித் தட்டிச் செய்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தட்டும்போது வரும் சின்னப் பொறி போதும், பெட்ரோல் ஆவி பிடித்துக்கொள்ள. சாவியை ஆஃப் செய்து, ஒயரை யூனிட்டிலிருந்து கழற்றி, கிளிப் போட்டு பாடியோடு இணைத்துவிட்டு, அதற்குப் பிறகு சாவியை ஆன் செய்யுங்கள். முள் மெதுவாக ஏறி நிறைவைத் தொட்டதும் சாவியை ஆஃப் செய்துவிட்டுத்தான் கிளிப்பை எடுக்க வேண்டும். பைமெட்டல் வகையில் இப்படி முள் ஏறினால் மீட்டரும் லைனும் சரி. டேங்கின் எர்த்தையும் யூனிட்டையும் மட்டும் பார்த்தால் போதும். டேங்கைப் பிடிக்கும் பட்டைக்கு அடியில் ரப்பர் இருக்கும், போல்ட் துருப்பிடித்திருக்கும், அதனால் டேங்குக்கே எர்த் இல்லாமல் போவது சகஜம். யூனிட் ஸ்க்ரூவிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்துவிட்டால் பல வண்டிகளில் அதோடு பிரச்சினை தீரும். அப்புறமும் முள் காலியிலேயே கிடந்தால் மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் ஏறியிருக்கலாம்.

ஹீட் மீட்டருக்கும் கிட்டத்தட்ட இதே முறைதான். ஆனால் சில பழைய வண்டிகளில் ஹீட் மீட்டருக்கு ஒயரே இருக்காது, இன்ஜினிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் நேராக மீட்டருக்கு வரும். அது கரண்ட் சம்பந்தப்பட்டதல்ல. குழாயை மடக்கினாலோ வெட்டினாலோ மீட்டரே போய்விடும்.

டேஷ்போர்டு எர்த்தைச் சோதிப்பது சுலபம். எல்லா லைட்டையும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மறுமுனையைக் கிளஸ்டர் (மீட்டர்கள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) எர்த் ஆகும் உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் எங்கோ தடைபடுகிறது. பார்க் லைட் போட்டால் இண்டிகேட்டர் விளக்கு மங்கலாக எரிவது, இண்டிகேட்டர் போட்டால் ஹை பீம் நீல விளக்கு கூடவே துடிப்பது எல்லாம் இந்த வகைதான். சொந்த வழி அடைபட்டதால் கரண்ட் பக்கத்து பல்பு வழியாக வெளியேறப் பார்க்கிறது. பல்பை மாற்றி மாற்றிப் போட்டு இது தீராது.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியம். ஆயில் லைட். சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டிய சின்ன விளக்கு அது. இன்ஜினில் ஆயில் பிரஷர் இல்லாதபோது அங்கிருக்கும் சுவிட்ச் அந்த ஒயரைப் பாடியோடு இணைக்கும், விளக்கு எரியும். பிரஷர் வந்ததும் சுவிட்ச் திறக்கும், விளக்கு அணையும். ஓடும்போது எரிகிறது என்றால் சுவிட்ச் கெட்டிருக்கலாம், ஒயர் உரசியிருக்கலாம், அல்லது உண்மையிலேயே பிரஷர் இல்லாமல் இருக்கலாம். எது என்று டிரைவர் சீட்டில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும், சுவிட்ச் இருக்கும் ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

"லைட் எரிஞ்சுகிட்டே இருந்துது, அதான் ஒயர உருவி விட்டுட்டோம்" என்று ஒரு டிரைவர் தம்பி என்னிடம் சொன்னான். பாபநாசம் மலைப் பக்கம் ஆள் ஏற்றிப் போகும் ஜீப். பேரிங் உருகி இன்ஜின் இறுகிய பிறகுதான் வண்டி கட்டி இழுத்து வந்தது. அந்த ஒற்றை ஒயரைப் பிடுங்குவது அவ்வளவு சுலபம் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து. பழைய வண்டி வாங்கும்போது சாவி போட்டவுடன் ஆயில் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள்.

சார்ஜிங் லைட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது இக்னிஷனுக்கும் டைனமோவுக்கும் நடுவில் நிற்கும் பல்பு. இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் வந்ததும் அணையும். ஓடும்போது மங்கலாக எரிந்தால் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று பொருள். பெல்ட், கட்அவுட் (டைனமோவை பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்), இக்னிஷன் சுவிட்ச் கான்டாக்ட் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்ட வண்டிகளில் அந்த பல்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்கத் தேவையான கொஞ்சம் கரண்ட் அதன் வழியாகத்தான் போகும். பல்பு ஃபியூஸ் போனாலோ அந்த இடத்தில் எல்.ஈ.டி. போட்டாலோ சார்ஜ் ஏறாமலே போகலாம். அங்கே பழைய மாதிரி 2.2 வாட் பல்புதான் போட வேண்டும்.

பேட்டரிக்குக் கரண்ட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்மீட்டர் உள்ள வண்டிகளில், குறிப்பாக ஜீப்புகளில், பேட்டரிக்குப் போகும் வரும் கரண்ட் அத்தனையும் (செல்ஃப் மோட்டார் தவிர) அந்த மீட்டர் வழியாகத்தான் போகும். பெரும்பாலும் நடுவில் ஃபியூஸ் இருக்காது. அதன் நட் லூஸானால் சூடேறும், பேக்கலைட் கருகும், தீயும் பிடிக்கும். பின்னால் கை விடும் முன் பேட்டரி எர்த் கேபிளைக் கழற்றுவதும், விரலில் மோதிரம், கையில் காப்பு, வாட்ச் இருந்தால் எடுத்து வைப்பதும் கட்டாயம். மோதிரம் இரண்டு டெர்மினலைத் தொட்டால் விரல் வெந்துவிடும்.

ஃபியூஸ் விஷயத்திலும் கவனம் வேண்டும். பழைய லூகாஸ் (பிரிட்டிஷ் எலெக்ட்ரிக்கல் கம்பெனி) வகைப் பெட்டியில் "35" என்று போட்ட கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். 35 ஆம்பியர் அது எரிந்து போகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். கடையில் இப்போது கிடைக்கும் 35 ஆம்பியர் ஃபியூஸ் தொடர்ந்தே 35 தாங்கும். அதை வாங்கிப் போட்டால் பாதுகாப்பு பாதியாகிவிடும். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாள் சுற்றிய ஃபியூஸ்களையும் பார்த்திருக்கிறேன். அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் போய் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாலே பதறுகிறது.

ஸ்பீடோமீட்டர் முள் ஆடினால் எலெக்ட்ரீஷியனைத் தேட வேண்டாம், அது கேபிள் வேலை. கேபிளுக்கு கிரீஸ் வைப்பவர்கள் மேல்முனையில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள், மீட்டருக்குள் கிரீஸ் ஏறினால் உள்ளே இருக்கும் காந்தமும் கிண்ணமும் ஒட்டிக்கொள்ளும்.

நம் சீமையில் வண்டி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தும் கோளாறு மாறும். உவரி, மணப்பாடு, திருச்செந்தூர் கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளில் பல்பு ஹோல்டரிலும் ஒயர் நுனியில் இருக்கும் லக்கிலும் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். பனகுடி, வள்ளியூர் பக்கம் காற்றுக் காலத்தில் மண் உள்ளே ஏறி சுவிட்ச் கான்டாக்ட்டில் படியும். வருஷத்தில் நாலு நாள் மட்டும் வெளியே எடுக்கும் வண்டியில் எலி ஒயரைக் கடித்து வைத்திருக்கும். களிம்புக்கு உப்புத்தாளும் கான்டாக்ட் கிளீனரும் போதும். ஆனால் எண்ணெய் ஸ்பிரேயை மீட்டருக்குள் அடிக்காதீர்கள், டயல் கறை பிடிக்கும், பட்டையில் தூசி ஒட்டும்.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு வந்தது. அதில் மூழ்கிய பழைய வண்டிகள் பலவற்றில் தண்ணீர் செய்ததைவிட, வடிந்ததும் "எரியுதா பார்ப்போம்" என்று சாவி போட்டுப் பார்த்தது அதிக நாசம் செய்தது. டேஷ்போர்டு வரை தண்ணீர் ஏறிய வண்டியில் முதல் வேலை பேட்டரி கேபிளைக் கழற்றுவது. சாவியைத் தொடவே கூடாது. கிளஸ்டரைக் கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். ஹேர் டிரையர் சூட்டில் டயலின் எழுத்து உரிந்து வந்துவிடும். ஸ்டெபிலைசருக்குள் சேறு போயிருந்தால் அதை மாற்றிவிடுவதே நல்லது. எல்லா எர்த் ஸ்க்ரூவையும் கழற்றித் தேய்த்து மாட்டிய பிறகு, ஒவ்வொரு ஃபியூஸாகப் போட்டுப் பார்க்கலாம்.

ஒயரின் நிறம் மாறாமல் இருக்கும் வண்டி என்றால் வேலை பாதி முடிந்த மாதிரி. லூகாஸ் முறையில் கறுப்பு எர்த், பழுப்பு எப்போதும் கரண்ட் இருக்கும் லைன், வெள்ளை சாவி போட்டால் வரும் லைன், பச்சை அதே லைன் ஃபியூஸ் தாண்டி வருவது. பச்சையில் கறுப்புக் கோடு டேங்க் யூனிட்டுக்கு, பச்சையில் நீலக் கோடு ஹீட் யூனிட்டுக்கு, வெள்ளையில் பழுப்புக் கோடு ஆயில் சுவிட்சுக்கு. யாராவது புது ஒயர் இழுத்தால் அதே நிறத்தில் இழுக்கச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் இரண்டு நுனியிலும் பெயர் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

பட்டறைக்கு வரும்போது ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்: எந்த முள், எந்தப் பக்கம் தப்பு காட்டுகிறது, கூடவே வேறு எது தப்பாக இருக்கிறது, லைட் போட்டால் மாறுகிறதா, பெயின்ட் அல்லது ஒயரிங் வேலை கடைசியாக எப்போது நடந்தது. இவ்வளவு தெரிந்தால் டேஷ்போர்டைப் பிரிக்காமலே பாதிக் கோளாறை நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம்.